அடுத்த விடுமுறைக்கு நீ வரும்போது

கியா பார்ம், கேமரன் மலை
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசலாம்தான். நான் போனை எடுக்கிற நேரமெல்லாம் கடைக்கு யாராவது வந்து நிற்கிறார்கள், நீ எடுக்கிற நேரமெல்லாம் உன் பக்கம் மீட்டிங். பாதியில் விட்ட பேச்சு அப்படியே கிடக்கிறது. இது அப்படிக் கிடக்கக்கூடாத விஷயம். அதனால் கடையைச் சாத்திவிட்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன பள்ளி விடுமுறைக்கு வந்து பிள்ளைகளுக்கு ஐந்து நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான். அடுத்த விடுமுறைக்கும் வருகிறேன், இந்த முறை இருபது ரோபோ பெட்டி வாங்கி வருகிறேன் என்று சொன்னாய். பெட்டி வேண்டாம் தம்பி. நீ மட்டும் வா. ஐந்து நாளைப் பத்து நாளாக்கிக்கொண்டு வா. ஏன் சொல்கிறேன் என்று கேள்.

முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அந்தக் குட்டிக் கார்களைப் பூட்டி ஓட்டினார்கள். கறுப்புக் கோட்டின்மேல் கார் தானாக வளைந்து போனபோது பாலாய்ராயா மண்டபமே அதிர்ந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் இருந்தபடி திருகினார்கள், படத்தில் இருந்தபடி ஓடியது. ஓடாத காரை நீ வாங்கிச் சரிசெய்து கொடுத்தாய். சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி, திருகாணி முதற்கொண்டு எண்ணிப் பெட்டிக்குள் வைத்தாய். இரவல் பெட்டி, வேறு வழியில்லை. அன்று இரவு வீட்டில், "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்று கேட்டதற்கு என் சின்னவன், "கார் ஓட்டினோம்" என்றான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் மழை. கியா பார்ம் மழை உனக்குத் தெரியாததா? பத்து மணிக்குப் பிடித்தது, பின்பக்கக் கால்வாய் அடைத்துக்கொண்டு செம்மண் தண்ணீர் வாசற்படி ஏறி மண்டபத்துக்குள் வந்துவிட்டது. வகுப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். துடைப்பத்தோடு போன அந்த முதலாம் படிவத்துப் பெண், அதுதான் நம் பின்வரிசை வீட்டுப் பேத்தி, கூட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சார், இந்த மண்ணெல்லாம் எங்கேருந்து வருது? தினமும் இப்படிப் போனா மலையில மண்ணு தீர்ந்து போயிடாதா?"

நீ கையிலிருந்த ரிமோட்டை மேசையில் வைத்தாய். மிச்ச நாளெல்லாம் அதைத் தொடவே இல்லை. வகுப்பு ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான் என்று நான் சொல்வேன்.

பெரிய தண்ணீர் பாட்டில் மூன்றை நீளவாக்கில் வெட்டினீர்கள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் வேரோடு பெயர்த்த புல், ஒன்றில் மண்ணின்மேல் தேயிலைக் கவாத்துக் குப்பை. மூன்றையும் ஒரே சாய்வில் செங்கல்மேல் வைத்து, ஓட்டை போட்ட டின்னால் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள். வெறும் மண்ணிலிருந்து வடிந்தது கலங்கலாக, தே தாரேக் மாதிரி இருந்தது. புல்லிலிருந்து வந்தது குடிக்கலாம் போல இருந்தது. அதோடு விட்டிருந்தால் அது வேடிக்கை. நீ விடவில்லை. "எவ்வளவு மண்ணு? எனக்குக் கணக்கு வேணும்" என்றாய். பிள்ளைகள் என்னிடம் ஓடிவந்து காப்பி வடிகட்டுகிற துணியை வாங்கிப்போய் வடிகட்டினார்கள், அடுப்போரம் காயவைத்தார்கள், என் கடைத் தராசில் கொண்டுவந்து வைத்தார்கள். முட்டைக்கோஸ் நிறுக்கிற தராசு அது, முள் அசையவே இல்லை.

அப்போது நீ செய்த ஒரு காரியத்துக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். நீ ஒன்றும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். எனக்கே பொறுக்கவில்லை, பக்கத்துக் கடையில் நகைத் தராசு இருக்கிறதா என்று கேட்கப் போனேன், நீ கண்ணைக் காட்டி நிறுத்தினாய். அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் இரண்டு பையன்கள் ஒரு ரூலரை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் மூடியை மாட்டி, ஒரு பக்கம் மண், ஒரு பக்கம் பத்து சென் காசு என்று வைத்தார்கள். ரூலர் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. நூலை நகர்த்தி, மாவு உருண்டை ஒட்டி, மறுபடி நகர்த்தி, ஒருவழியாக அது நேராக நின்றபோது மூச்சுவிடக்கூட எல்லாரும் பயந்தார்கள். வெறும் மண்ணுக்கு ஒன்பது காசு. கவாத்துக் குப்பைக்கு இரண்டு. புல்லுக்கு ஒரு காசுகூடத் தேறவில்லை. ஒரு பத்து சென் ஏறக்குறைய மூன்று கிராம் என்று அப்புறந்தான் நீ சொன்னாய்.

அன்று இரவு சின்னவன் சோற்றைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினான். மறுநாள் அந்தப் பெண்ணின் பாட்டி மண்டபத்துக்கே வந்துவிட்டாள். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. கவாத்துக் குப்பை பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெட்டுன குச்சிய அள்ள விடமாட்டாங்கய்யா, நிரைக்கு நடுவுலேயே பரப்பிவிடச் சொல்வாங்க, மண்ணு நிக்கும்னு" என்றாள். பேத்தி பாட்டியைப் பார்த்த பார்வையை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். தன் வீட்டில் ஒரு இஞ்சினியர் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நம் அப்பாவும் அப்படித்தானே. வாடின இலையை ஒரு பிடி எடுத்து இறுக்கி உருட்டி, கையை விரிப்பார். உருண்டை பட்டென்று பிரிந்தால் இன்னும் வாடவில்லை, பிரியாமல் இருந்தால் ரோலருக்குப் போகலாம். இலையிலுள்ள ஈரத்தில் இவ்வளவு பங்கு போயிருக்க வேண்டும் என்று நீ பலகையில் கணக்குப் போட்டாய். அப்பாவின் உள்ளங்கை அதையே அளந்துகொண்டிருந்தது. ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று சின்னப் பிள்ளையில் நமக்கு வாய்ப்பாடாகத் தெரியும். மிச்சம் நாலு கிலோ எங்கே போகிறது என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை.

பிறகு நீ வரைந்த அந்தப் படம். பலகையை நான் இன்னும் அழிக்கவில்லை. டெலோம் ஆற்றுத் தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து பெர்த்தாம் பக்கம் திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டித் தேக்கி, அங்கிருந்து மறுபடி சுரங்கத்துக்குள் விட்டுப் பேராக் பக்கம் இறக்கி, ஜோரில் நிலத்தடியில் உள்ள நிலையத்தில் 100 மெகாவாட், அதற்கும் கீழே வோவில் 150 மெகாவாட். 1963இல் முடிந்த அணை. "நம்ம மலைக்குள்ளேயா சார் ஆறு ஓடுது?" என்று ஒருவன் தரையை மிதித்துப் பார்த்தான். ரிங்லெட் ஏரியை அவர்கள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறார்கள். மண் அள்ளுகிற இயந்திரம் அங்கே ஏன் வருஷக்கணக்காக நிற்கிறது என்பது ஒன்பது காசுக்குப் பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. மலையில் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட மண்ணெல்லாம் அங்கேதான் போய்ப் படுத்திருக்கிறது. மண் அடைத்தால் தண்ணீர் நிற்க இடம் இல்லை. 2013 அக்டோபரில் பெரும் மழையில் அணையைத் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்கள் போனதே, அந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. நீ அதை மெதுவாக, பயமுறுத்தாமல் சொன்னாய். சொல்லாமல் விடவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பெட்டி எங்கேயும் கிடைக்கும். கோலாலம்பூரில் ஒரு வாரத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பெட்டியும் டீசட்டையும் சான்றிதழும் கொடுக்கிறார்கள், காசுள்ளவர்கள் போகட்டும். இந்த மண்ணும் இந்தச் சரிவும் இந்த மழையும் அங்கே கிடைக்காது. அதைவிட முக்கியம், பிள்ளை திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டான்.

பெரிய முகாம்களை நான் குறை சொல்லவில்லை. நீ போன பிறகு நம் நாலாம் படிவத்துப் பெண் இருக்கிறாளே, தக்காளிக் கூடாரக்காரர் மகள், அவள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் என் கடையில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிக் காட்டுகிறாள். கோடை முகாம் என்றே எல்லா இடத்திலும் பேர். நமக்கேது கோடை, மழை, குறைந்த மழை, இரண்டுதானே! அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1975லிருந்து, வாய்ப்புக் குறைந்த வீட்டுப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக் கடைசி வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஆறு வாரம் கூட்டிவைத்துச் சோறு போட்டுக் கட்டணமில்லாமல் கற்றுக்கொடுக்கிறதாம். இந்தியாவில் இஸ்ரோ 2019லிருந்து 'யுவிகா' என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் இரண்டு வாரம் நடத்துகிறது. நம் நாட்டுக் குடியுரிமைக்கு இதெல்லாம் எட்டாது, தெரியும். எட்டாவிட்டாலும் அதை வாசிக்கும்போது அவள் முதுகு நிமிர்கிறது.

அவள் காட்டியதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது ஆசாதிசாட். இந்தியா முழுக்க 75 அரசுப் பள்ளியிலிருந்து 750 பெண் பிள்ளைகள், சென்னையில் இருக்கிற ஸ்பேஸ் கிட்ஸ் அமைப்பின் உதவியோடு ஒரு சின்னச் செயற்கைக்கோளுக்குப் பாகங்கள் செய்தார்கள். மதுரைப் பக்கம் திருமங்கலத்துப் பெண்கள் பள்ளியும் அதில் இருந்தது. 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. பிள்ளைகள் நேரில் பார்க்கப் போயிருந்தார்கள். ராக்கெட்டின் உணர்கருவியில் கோளாறு, செயற்கைக்கோள் நிற்க வேண்டிய பாதையில் நிற்காமல் கீழே வந்து அழிந்துபோனது. அதோடு மூடிவிட்டுப் போகவில்லை. ஆறு மாதத்தில் இன்னொன்று செய்து 2023 பிப்ரவரி 10ஆம் தேதி அனுப்பினார்கள், அது 450 கிலோமீட்டர் உயரத்தில் போய் நின்றது. "அத்தை, முதல் தடவையே சரியா போயிருந்தா எனக்கு இவ்வளவு பிடிச்சிருக்காது" என்றாள் அந்தப் பெண். பதினாறு வயசு.

அவளைப் பற்றித்தான் அடுத்து சொல்ல வேண்டும். ஈப்போவில் ஐந்து நாள் தங்கும் முகாம் ஒன்றுக்கு மனுப் போட நினைத்தாள். அப்பா முடியாது என்றுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "பொம்பளப் புள்ளய ராத்திரி தங்க விட மாட்டேன் அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடமே வந்தார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவரைக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனேன். செடிக்குச் சொட்டு நீரோடு உரம் போகிற குழாய் அடிக்கடி அடைக்கிறது என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தாரே, அதற்கு இந்தப் பெண் நீ கற்றுக்கொடுத்த மாதிரி, தண்ணீர் நுழைகிற இடத்தில் மண் படிய ஒரு டிரம்மும் அதற்கப்புறம் வடிகட்டித் துணியும் வைத்திருக்கிறாள். துணியை வாரம் ஒருமுறை கழுவினால் போதும். "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டேன். "எம் பொண்ணுதான்" என்றார். கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் சரி என்று சொல்லவில்லை. முகாமில் பெண் பிள்ளைகளுக்குத் தனித் தங்குமிடம், பொறுப்புக்கு ஒரு ஆசிரியை, இதெல்லாம் உண்டா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். நீ பேசினால் மீதியும் நகரும். உன்மேல் அவருக்கு மரியாதை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று உனக்குத் தெரியும். நீ நாலாம் படிவம் படிக்கும்போது பல்கலைக்கழகத்தில் ஒரு வார முகாம் என்று பேச்சு அடிபட்டது. உன் பெயரும் பட்டியலில் இருக்கிறது என்றார்கள். அம்மா தாப்பாவுக்குப் போய் உனக்கு இரண்டு அரைக்கைச் சட்டை வாங்கிவந்தாள். "கோலாலம்பூர்ல சூடா இருக்குமாம், எம் புள்ளகிட்ட இருக்கிறதெல்லாம் ஸ்வெட்டருதான்" என்று அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. உன் கைக்குக் கடிதம் வந்தபோது மனுப் போடுகிற தேதி முடிந்து பதினோரு நாள். யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறைக்குள் அது கிடந்திருக்கிறது. யார் என்று கேட்க அப்பாவுக்கு அன்று வாய் வரவில்லை. நீ அழவில்லை, அம்மாதான் அழுதாள். நீ உன் முயற்சியில் இஞ்சினியர் ஆனாய், அது வேறு. அந்த ஏழு நாள் உனக்குக் கிடைக்காமல் போனது போனதுதான்.

அதனால் இப்போது என் கடையில் ஸ்ட்ராபெரி விலை எழுதுகிற அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை தொங்குகிறது. எந்த முகாம், எந்தப் போட்டி, எந்தத் தேதிக்குள் மனு, எல்லாம் பெரிய எழுத்தில். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 'அஸ்தி' அமைப்பு நடத்துகிற அறிவியல் விழாவும் அதில் இருக்கிறது. சுங்கை பாலாஸ் தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் காய் வாங்க வரும்போது போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தேதி தெரிந்து ஒரு வீட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தால் அது அவர்கள் பாடு. தெரியாமலே போகக்கூடாது.

சரி, பத்து நாளுக்கு என் யோசனையைச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்துவிடு. மத்தியானம் பாதிப் பிள்ளைகள் கடையில் கை கொடுக்க வேண்டும், விடுமுறையில்தானே நமக்குச் சுற்றுலாக் கூட்டம். சாப்பாடு என் பொறுப்பு. போன முறை போல நாலைந்து ஆங்கில வார்த்தையைச் சேர்த்தாற்போல் சொல்லாதே, சின்னதுகள் பயந்துபோகின்றன. வண்டல் என்று நீ சொன்னதும் அந்த முதலாம் படிவத்துப் பெண், "ஓ, மெண்டாபான்!" என்று கத்தினாளே, அப்படித்தான் அவர்கள் தலைக்குள் ஓடுகிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய். இரண்டையும் சொல், இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் பாட்டியைப் பேச விடு. ஒரு நாள் ரிங்லெட் ஏரிக்குப் போவோம், வேன் நான் சொல்லிவைக்கிறேன். மழை வந்தால் வகுப்பை நிறுத்தாதே.

மண்டபத்துக்குப் பின்னால் அந்தக் கால்வாய் இன்னும் அடைக்கிறது. பிள்ளைகள் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நிற்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நீ வரும் வரைக்கும் அளந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு அகலம், எவ்வளவு சாய்வு, மழைக்கு எவ்வளவு மண். நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. போகிற நாளில் நீ சொன்னாயே, மிகப் பொடியான களிமண் துகள் பத்து சென்டிமீட்டர் இறங்கவே எட்டு மணி நேரம் ஆகும், அதனால்தான் அணையில் மணல் முன்னாலேயே படிந்துவிடுகிறது, களிமண் உள்ளே வரைக்கும் போகிறது என்று. அந்த முதலாம் படிவத்துப் பெண் அதை அப்படியே நம்பிவிடவில்லை. ஒரே கலங்கல் தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒன்றை என் கடை ஐஸ்பெட்டியிலும் ஒன்றை அடுப்புக்கு மேல் அலமாரியிலும் வைத்துவிட்டுப் போனாள். பேனாவால் பாட்டிலில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று சாயங்காலம் பார்த்தோம். அலமாரிப் பாட்டில் பாதிக்குமேல் தெளிந்துவிட்டது. ஐஸ்பெட்டிப் பாட்டிலில் அதில் பாதிகூடத் தெளியவில்லை. "குளிருக்கு மண்ணு ஏன் மெதுவா இறங்குது அத்தை?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. இந்த மலைக் குளிருக்கும் ரிங்லெட் ஏரிக்கும் இதில் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று அவளாகவே சொல்கிறாள்.

காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். போனில் சொல்லிவிடாதே. அவள் மூன்றாவது பாட்டில் வைக்கப்போகிறாள். நீ வரும்போது கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டுகிற தராசு ஒன்று மட்டும் கொண்டுவா. ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக வா, தாப்பா ரோட்டில் மண் சரிந்திருக்கிறது என்கிறார்கள். எந்தத் தேதி என்று இந்த வாரத்துக்குள் சொல், அட்டையில் எழுத வேண்டும்.

அன்புடன்,
அக்கா